பட்டியலில் நாய் இல்லை

கால்நடைப் பராமரிப்புத் துறையில் சேர்ந்து கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் வேலை பார்த்த காலத்தில் என்னிடம் வந்தவை பெரும்பாலும் மாடும் ஆடும்தான். சினை ஊசி, மடிநோய், வயிறு உப்பிய ஆடு, கன்று ஈன முடியாமல் தவிக்கும் கிடேரி என்று பொழுது போகும். ஓய்வு பெற்றபின் நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி ஒரு சிறிய கிளினிக் வைத்தேன். அக்கம்பக்கத்தார் அதையும் மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொன்னார்கள். ஆனால் அங்கே வந்தவை பெரும்பாலும் நாய்கள். தடுப்பூசிக்கும் சொறிக்கும் அடுத்தபடி அதிகம் வந்தவை வண்டியில் அடிபட்டவை.

அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் கேட்ட கேள்விகளில் பாதிதான் மருத்துவத்தைப் பற்றியவை. “இடிச்சவர் காசு கொடுக்கணுமா, டாக்டர்?” “போலீஸ்ல எழுதிக் கொடுக்கலாமா?” “வண்டி இன்சூரன்ஸ்ல இதுக்கு வருமா?” இவையும் கூடவே வரும். அரைகுறையாகப் பதில் சொல்லிப் பகையை வளர்க்க எனக்கு விருப்பமில்லை. விருத்தாசலத்தில் வக்கீலாக இருக்கும் நண்பரிடம் உட்கார்ந்து, சட்டப் புத்தகத்தைப் பிரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மேஜையில் கண்டதையும் அவரிடம் கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நெய்வேலியில் இந்த விபத்துகள் நடப்பதற்கு ஊரின் அமைப்பும் ஒரு காரணம். பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ல் பதிவாகி, அடுத்த ஆண்டு நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த பிறகு, வேலைக்கு வந்தவர்களுக்காகத் திட்டம் போட்டுக் கட்டிய ஊர் இது. பிளாக் பிளாக்காகக் குடியிருப்பு, நேராக ஓடும் அகலமான சாலைகள், இருபுறமும் மரங்கள், குவார்ட்டர்ஸைச் சுற்றித் தோட்டம் போட இடம். நாய் வளர்க்கத் தோதான ஊர். மாங்காய்க்கும் பலாவுக்கும் காவலாக இருக்கட்டும் என்று வளர்ப்பார்கள். நைட் ஷிப்டுக்குப் போகும்போது வீட்டில் இருப்பவர்களுக்குத் துணை வேண்டுமே என்றும் வளர்ப்பார்கள். பல வீடுகளில் சுற்றிலும் இருப்பது செடிவேலிதான். நாய் நுழைந்து வெளியேற வழி எப்போதும் இருக்கும். பகல் முழுக்க வெறிச்சென்று கிடக்கும் சாலையில் ஷிப்டு மாறும் நேரத்தில் பஸ்ஸும் காரும் பைக்கும் ஒன்றாகப் பாயும். நாய்க்கு அந்த நேரம் நன்றாகத் தெரியும். வீட்டுக்காரர் வரும் நேரம் அது. வாசலைத் தாண்டி ஓடும். எனக்கு வந்த கேஸ்களில் கணிசமானவை அப்படி அடிபட்டவைதான்.

டவுன்ஷிப்புக்கு வெளியே ஆர்ச் கேட் பக்கம் விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நெடுஞ்சாலை போகிறது. பண்ருட்டிக்கும் வடலூருக்கும் இடையே விரையும் வண்டிகளில் அடிபட்ட நாய்களில் என் மேஜைவரை வந்து சேர்ந்தவை மிகக் குறைவு. அங்கே பெரும்பாலும் யாரும் நிறுத்துவதில்லை.

அடிபட்ட நாயை மேஜையில் கிடத்தியதும் முதலில் நான் காலைப் பார்ப்பதில்லை. தொங்கும் காலைப் பார்த்துத்தான் வீட்டார் பதறுவார்கள். உயிரை எடுப்பது பெரும்பாலும் அது அல்ல. உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்ப்பேன். வெளுத்திருந்தால் உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். அடுத்தது மூச்சு. நெஞ்சுக்கூட்டில் காற்று அடைத்திருந்தாலோ, உதரவிதானம் கிழிந்து குடல் மேலே ஏறியிருந்தாலோ, நாய் கழுத்தை நீட்டிக்கொண்டு மூச்சுக்கு அல்லாடும். பிறகு வயிறு. மண்ணீரல் கிழிந்திருக்கலாம். மூத்திரப்பை உடைந்திருக்கலாம். கடைசியாக முதுகெலும்பு. பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தும்போது நாய் தலையைத் திருப்பிப் பார்த்தால் நம்பிக்கை உண்டு. காலை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு முகத்தில் எந்த மாற்றமும் இல்லை என்றால் அது வெறும் அனிச்சைச் செயல். வலி மூளைக்குப் போய்ச் சேரவில்லை.

“இடிச்சதும் எழுந்து ஓடிருச்சு சார், ஒண்ணும் ஆகலைன்னு நெனச்சுப் போயிட்டேன்.” இதை எத்தனையோ ஓட்டுநர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அது பொய் இல்லை. அடிபட்ட அதிர்ச்சியில் நாய் ஓடத்தான் செய்யும். மண்ணீரல் கிழிந்த நாய்கூட நூறு அடி ஓடி ஒரு புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். சாயங்காலம் வீட்டார் தேடிக் கண்டெடுக்கும்போது ஈறு காகிதமாக வெளுத்திருக்கும். காலையிலேயே வந்திருந்தால் சலைன் ஏற்றி, வயிற்றைத் திறந்து பார்த்திருக்கலாம். மோதிய பிறகு கிடைக்கும் முதல் ஒரு மணி நேரம் அவ்வளவு முக்கியமானது. ஓட்டுநர் நிறுத்தி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, ‘உங்க நாய் என் வண்டியில அடிபட்டுது’ என்று சொல்லும் அந்த ஒரு வாக்கியம் என் மருந்துகளில் பலவற்றைவிட அதிகம் காப்பாற்றியிருக்கிறது. அதனால்தான் நிறுத்துவதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு வண்டியை நிறுத்துவது பற்றியது. மனிதருக்கோ, விலங்குக்கோ, இன்னொரு வண்டிக்கோ விபத்து நேர்ந்தால், அல்லது உடைமைக்குச் சேதம் ஏற்பட்டால், சீருடையில் இருக்கும் சப்-இன்ஸ்பெக்டரோ அவருக்கு மேற்பட்டவரோ கேட்கும்போது ஓட்டுநர் வண்டியை நிறுத்தி வைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் தன் பெயர், முகவரியைச் சொல்லிக் கேட்டால் ஓட்டுநரும் தன் பெயர், முகவரி, வண்டிச் சொந்தக்காரரின் பெயர், முகவரி எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். விலங்கு என்றால் எது என்று அதே பிரிவு பட்டியல் போடுகிறது: குதிரை, மாட்டினம், யானை, ஒட்டகம், கழுதை, கோவேறு கழுதை, செம்மறியாடு, வெள்ளாடு. இதில் நாய் இல்லை. நண்பர் படித்துக் காட்டியபோது நான் புத்தகத்தை வாங்கி மறுபடியும் வாசித்தேன். யானையும் ஒட்டகமும் இடம்பிடித்த பட்டியலில், இந்த நாட்டுச் சாலைகளில் அன்றாடம் அடிபடும் நாய்க்கு இடமில்லை.

அதே 1988-ல் பிரிட்டனும் ஒரு சாலைப் போக்குவரத்துச் சட்டம் இயற்றியது. அதன் 170-ஆம் பிரிவிலும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. குதிரை, மாடு, கழுதை, கோவேறு கழுதை, செம்மறியாடு, பன்றி, வெள்ளாடு என்று போய் நாயில் முடியும். அங்கே நாய் மீது மோதிய ஓட்டுநர் யாரும் கேட்காமலே நிறுத்தியாக வேண்டும். உரிய காரணத்தோடு கேட்பவருக்குத் தன் விவரம் தர வேண்டும். தர முடியாமல் போனால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தெரிவிக்க வேண்டும்.

பட்டியலில் இல்லையென்றால் நம் நாட்டில் நாய்க்கு எந்தப் பாதுகாப்பும் இல்லையா என்று கேட்டேன். “இருக்கு, ஆனா அது உயிர்ங்கிறதால இல்ல, ஒருத்தரோட உடைமைங்கிறதால” என்றார் நண்பர். வளர்ப்பு நாய் சட்டத்தின் கண்ணில் அசையும் சொத்து. 132-ஆம் பிரிவில் வரும் ‘உடைமைக்குச் சேதம்’ என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். ஆனால் அது வாதமாகத்தான் நிற்கும். நாய் என்ற ஒரு சொல் பட்டியலில் இருந்தால் வாதத்துக்கே வேலை இல்லை.

குற்ற வழக்கு என்று போனால் என்ன ஆகும் என்பதை 2022-ல் வந்த இரண்டு தீர்ப்புகள் காட்டுகின்றன. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சூரஜ் கோவிந்தராஜ் முன் வந்த வழக்கில், கார் மோதி வளர்ப்பு நாய் இறந்திருந்தது. கவனக்குறைவாக வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவு மனிதர்களுக்கு ஏற்படும் ஆபத்தைப் பற்றியது, நாய் அதில் அடங்காது என்று நீதிமன்றம் சொன்னது. விலங்கைக் கொல்வது பற்றிய பிரிவுகளுக்கு வேண்டுமென்றே செய்தார் என்ற எண்ணம் காட்டப்பட வேண்டும். அது இல்லாததால் ஓட்டுநர் மீதான வழக்கு ரத்தானது. அதே ஆண்டு டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ரேவதி மோஹிதே டேரே, பிரித்விராஜ் சவாண் அமர்வு முன் வந்தது இன்னொரு வழக்கு. உணவு டெலிவரி வேலையும் பார்த்த ஒரு மாணவரின் பைக் 2020-ல் மும்பையில் தெருநாய் மீது மோதி நாய் இறந்துவிட்டது. அந்த வழக்கும் ரத்தானது. பொருந்தாத பிரிவுகளைப் போட்டதற்காக அந்த மாணவருக்கு 20,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றும், அதைப் பொறுப்பான அதிகாரிகளின் சம்பளத்திலிருந்து பிடிக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. நாய் வளர்க்கும் நண்பர்கள் சிலருக்கு இந்தத் தீர்ப்புகள் கசப்பாக இருந்தன. எனக்கு அவை நியாயமாகவே பட்டன. தெரியாமல் நடந்த மோதலுக்கு ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் எந்த நாயும் பிழைக்கப்போவதில்லை.

வேண்டுமென்றே ஏற்றிக் கொன்றால் கதை வேறு. பழைய தண்டனைச் சட்டத்தில் 428-ஆம் பிரிவு பத்து ரூபாய் பெறுமான விலங்கைப் பற்றியும், 429-ஆம் பிரிவு மாடு, குதிரை போன்றவற்றோடு ஐம்பது ரூபாய் பெறுமான எந்த விலங்கைப் பற்றியும் பேசின. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் அந்த ரூபாய்க் கணக்கே இல்லை. எந்த விலங்கை வேண்டுமென்றே கொன்றாலும் முடமாக்கினாலும் ஐந்து ஆண்டுவரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். விலைக்கு வாங்கிய லாப்ரடாரும் தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாயும் இந்தப் பிரிவின் முன் ஒன்றுதான். நான் மனதார வரவேற்கும் மாற்றம் இது. ஆனால் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கான அபராதம் இன்னமும் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்வரைதான்.

இனி பணம். மருத்துவச் செலவையோ நாயின் மதிப்பையோ ஓட்டுநரிடம் கேட்பது உரிமையியல் விவகாரம். ஓட்டுநர் கவனக்குறைவாக ஓட்டினார் என்பதைக் கேட்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ஓட்டுநரின் சொந்தப் பையிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. கார் வைத்திருப்பவர் கட்டாயமாக எடுக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டில் உடைமைச் சேதமும் அடங்கும். வழக்கமான பாலிசியில் காருக்கு ஏழரை லட்சம், இருசக்கர வண்டிக்கு ஒரு லட்சம் என்று அதற்கு உச்சவரம்பு இருக்கும். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு உடைமைச் சேதத்தை விசாரிக்கும் அதிகாரம் உண்டு. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2019-ல் செய்த திருத்தம் சொல்கிறது. என் மேஜைக்கு வந்த கார் சொந்தக்காரர்களில் பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தால் பாதிப் பேர் நின்றிருப்பார்கள் என்று நம்புகிறேன். பலர் ஓடுவது இரக்கமில்லாமல் அல்ல, செலவுக்குப் பயந்துதான்.

தீர்ப்பாயத்தின் முன் போனால் காகிதம்தான் பேசும். காப்பீடு செய்த பசுவுக்குக் காதில் எண் போட்ட தோடு இருக்கும். வாங்கிய விலையும் பாலிசியில் எழுதியிருக்கும். நாய்க்கு அப்படி எதுவும் இருப்பதில்லை. தடுப்பூசிப் புத்தகம்தான் பெரும்பாலும் ஒரே சான்று. அதனால் நான் புத்தகத்தில் பெயரோடு நிறம், அடையாள மச்சம், வீட்டுக்காரர் பெயர், முகவரி எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பேன். காயச் சான்றிதழில் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுவேன். எந்த எலும்பு முறிந்தது, எந்த உறுப்பு சிதைந்தது, வாகனம் மோதினால் இப்படி ஏற்படக்கூடும் என்பதுவரை என் வேலை. எந்த வண்டி, யார் மேல் தப்பு என்பது என் கையெழுத்தில் வரக்கூடாது. “ராஜபாளையம்னு போட்டுக் கொடுங்க சார், கொஞ்சம் கூடக் கிடைக்கும்” என்று கேட்டவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு பொய்ச் சான்றிதழ் வெளிப்பட்டால் அடுத்து வரும் உண்மையான பத்துப் பேரின் சான்றிதழையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நடைமுறையில் இந்த ஊரில் தீர்ப்பாயம்வரை போவது அபூர்வம். ஒரே அனல்மின் நிலையத்தில் வேலை, ஒரே பிளாக்கில் வீடு. காலையில் சண்டை போட்டவர்கள் மதியம் கேன்டீனில் ஒருவரை ஒருவர் பார்த்தாக வேண்டும். அப்படி இருவர் ஒரே காரில் ஒரு நாயைக் கொண்டு வந்தார்கள். மோதியவரே ஓட்டி வந்தார். வளர்த்தவர் பின்சீட்டில் நாயை மடியில் வைத்திருந்தார். தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. வலிக்கு ஊசி போட்டு, கட்டுக் கட்டி, எலும்புக்குள் கம்பி வைக்கப் புதுச்சேரி குரும்பாபேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தேன். செலவு என்று பேச்சு வந்ததும் குரல் உயர்ந்தது.

“முழுசா நீதான்ப்பா கொடுக்கணும்.”

“கேட்டத் தொறந்து விட்டது யாரு?”

இருவர் சொன்னதும் உண்மை. வளைவில் வேகம் அதிகம். கேட்டும் திறந்துதான் இருந்தது. இரு பக்கமும் கவனக்குறைவு இருந்தால் நீதிமன்றமே தொகையைப் பங்கு பிரிக்கும் என்று நண்பரிடம் கேட்டதைச் சொன்னேன். அங்கேயே ஒரு தாளில் பாதிப் பாதி என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நாய் பிழைத்தது. பின்னங்காலைச் சற்றுச் சாய்த்து நடக்கும். இருவரும் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

பொறுப்பு தலைகீழாகத் திரும்பும் நேரமும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் விடியற்காலை பைக்கில் வேலைக்குப் போகும்போது குறுக்கே ஓடிய நாய் மீது மோதி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. நாயும் இறந்துபோனது. நாயை வளர்த்தவர் அழுதுகொண்டே வந்து நஷ்ட ஈடு கேட்டார். அந்தப் பையனின் ஒன்றரை மாதச் சம்பளமும் வைத்தியச் செலவும் அவர் கணக்கில் வரவே இல்லை. கட்டாமல் சாலையில் விட்ட நாயால் ஒருவர் காயப்பட்டால் வளர்த்தவர் மீது உரிமையியல் வழக்குப் போடலாம். மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வரும் விதத்தில் விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் தனிக் குற்றம். ஆறு மாதம்வரை சிறை உண்டு. அதை எடுத்துச் சொன்னதும் அவர் கேட்பதை நிறுத்திக்கொண்டார். நாயை அவர் பிள்ளையாக வளர்த்தவர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிள்ளையை யாரும் ஷிப்டு நேரத்தில் நடுரோட்டில் விடுவதில்லை.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு துயரம் இருக்கிறது. வேலை ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சொந்த ஊரிலோ சென்னையிலோ வாங்கிய வீட்டுக்குச் சாமான்கள் லாரியில் போகும். சில நேரம் நாய் மட்டும் பின்தங்கிவிடும். பூட்டிய கேட்டுக்கு முன்னால் படுத்துக்கொண்டு, பழகிய நிறத்தில் கார் வந்தால் எழுந்து ஓடும். அப்படி அடிபட்ட ஒரு நாயைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா தூக்கி வந்தார். சோறு வைத்தவர் அவர்தான். உரிமையாளர் அவர் இல்லை. இடுப்பெலும்பு நொறுங்கி, பின்னங்கால்களில் உணர்வே இல்லை. இனி வேதனை மட்டும்தான் என்னும்போது கருணைக் கொலைக்குச் சம்மதக் கையெழுத்து வேண்டும். அந்த அக்கா அழுதுகொண்டே போட்டார். வளர்த்த விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதும் 1960 சட்டத்தின் 11-ஆம் பிரிவில் வதைதான். அந்த நாயின் சாவுக்கு மோதியவரைவிட விட்டுவிட்டுப் போனவருக்குத்தான் பொறுப்பு அதிகம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இத்தனை நாள் பார்த்ததில் நான் சொல்லக்கூடியவை இவை. வண்டி ஓட்டுபவர்களே, நாய் ஓடிவிட்டாலும் நிறுத்துங்கள். அடிபட்ட நாய் வலியில் வளர்த்தவரையே கடிக்கும். துணியால் வாயைச் சுற்றிக் கட்டுங்கள். அது மூச்சுக்குத் திணறினால் கட்டாதீர்கள். போர்வையிலோ பலகையிலோ நேராகக் கிடத்தித் தூக்குங்கள். தண்ணீர் புகட்டாதீர்கள். கடிபட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பெயரையும் எண்ணையும் கொடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். நாய் வளர்ப்பவர்களே, ஷிப்டு மாறும் நேரத்தில் கேட்டைப் பூட்டுங்கள். சங்கிலி இல்லாமல் சாலைக்குக் கூட்டிப் போகாதீர்கள். தடுப்பூசிப் புத்தகத்தையும் ஒவ்வொரு பில்லையும் பத்திரப்படுத்துங்கள். விபத்து நடந்த இடத்தில் கையை ஓங்காதீர்கள். அடுத்த ஓட்டுநர் நிற்காமல் போவதற்கு அதைவிட வேறு காரணம் வேண்டாம். வைத்தியம் முதலில், வாக்குவாதம் பிறகு.

நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். புதுச் சட்டம் வேண்டாம், புது வாரியமும் வேண்டாம். 132-ஆம் பிரிவின் பட்டியலில் நாய் என்ற ஒரு சொல்லைச் சேருங்கள். யாரும் கேட்காமலே ஓட்டுநர் நிறுத்த வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். தெரியாமல் மோதியவரைச் சிறைக்கு அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. அவர் நிற்க வேண்டும், பெயர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். அவர் நின்றால் மீதியை மருத்துவர்களாகிய நாங்கள் பார்த்துக்கொள்வோம்.